துவைகல் சேம்புக்கு வந்த ஏலம்

குத்துக்கல்வலசை
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளி எழுதுகிறேன். மாமா, நம் மகள் அபர்ணா, நான், கொல்லை நிறைய நிற்கும் என் தொட்டிகள், எல்லோரும் சுகம். உங்கள் கால் புண் ஆறியதா என்பதைத் தயவுசெய்து முதல் வரியிலேயே எழுதுங்கள். போன கடிதத்தில் அதைக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அங்கே வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் இருமுவது எனக்கே கேட்கிறது. நீங்களும் 'ம்', 'சரி' இரண்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக என் செடிகளை ஏலத்தில் விட்டுவந்தேனே, அந்தப் பெரிய இணையதளத்தில் என் கணக்கை மூடிவிட்டார்கள். மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு விற்காத ஆட்கள் இனிமேல் வேண்டாமாம். 'அன்புள்ள விற்பனையாளரே' என்று ஆரம்பித்த ஒரு மெயில், இதற்குப் பதில் அனுப்ப முடியாது என்று முடிந்திருந்தது. பிகோனியாவும் பெரணியும் வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள், 'இலை கசங்காமல் வந்தது', 'வேர் நன்றாக இருக்கிறது' என்று எழுதிய வார்த்தைகள், எல்லாம் அதோடு போயிற்று. செடி பட்டுப்போனால் இன்னொரு பதியன் போடலாம். முன்பின் தெரியாத ஆட்களிடம் வாங்கிய நல்ல பேரை எங்கே போய் ஊன்றி வளர்ப்பது? அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மாமா பயந்துபோய்த் தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்தார்.

இதையெல்லாம் இவ்வளவு பெரிதாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். ஆவணி முடிவதற்குள் அந்த எக்ஸ்டென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறீர்களா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். போட்டால் பட்டாளத்தில் இன்னும் இரண்டு வருடம், அந்தப் பனியில். "பென்ஷன் வரும், சரி. வந்து என்ன செய்ய? ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரச் சொல்லுதியா?" என்று போன லீவில் கேட்டீர்கள். அப்போது நான் கொல்லையைக் காட்டி, இதில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்றேன். சிரித்தீர்கள். இப்போது அதுவும் இல்லையென்றால் நான் எதைக் காட்டி உங்களைக் கூப்பிடுவது? சின்ன ஆட்களுக்கு இடம் கொடுக்கிற ஏலத்தளம் இந்த உலகத்தில் ஒன்றுகூடவா இருக்காது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

தேடிய கதையைக் கேட்டால் பனியிலும் சிரிப்பீர்கள். தமிழிலேயே தேடுவோமே என்று 'சிறு வியாபாரிகள் ஆன்லைன் ஏலம்' என்று அடித்தேன். பச்சை நிறத்தில், ஓரத்தில் செடிப் படத்தோடு ஒரு தளம் வந்தது. ஆகா, நமக்கென்றே செய்திருக்கிறார்கள் என்று பெயரும் போன் நம்பரும் கொடுத்துப் பதிந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் போடியிலிருந்து ஒருவர், "எத்தன மூடை இருக்கும்மா? எட்டு எம்.எம். காய் தேறுமா?" என்கிறார். அது ஏலக்காய் விற்கிற தளம்! என்னிடம் இலைதான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிரிஞ்சி இலையா?" என்றார். இன்னும் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏலக்காய் விலை இப்போது எனக்கு அத்துபடி.

இன்னொரு தளத்தில் விற்றாலும் விற்காவிட்டாலும் மாத வாடகை கேட்டார்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானே ஏலம் நடத்திப் பார்த்தேன். ஒருவன் எல்லோரையும் தாண்டிக் கேட்டுவிட்டு, அவனுக்குத்தான் என்று முடிந்ததும் போனை அணைத்துவிட்டான். சும்மா விளையாட்டுக்குக் கேட்டானாம். வேறொருவர் பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். பணம் வாங்குவதற்கு நான் எதற்கு ஸ்கேன் பண்ண வேண்டும் என்று கேட்டதும், "சிஸ்டர், உங்களுக்கு மனுசங்க மேல நம்பிக்கையே இல்ல" என்று கோபித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் கொல்லையில் ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. துவைகல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற இடத்தில் சேம்பு மண்டிக் கிடக்குமே, நீங்கள்கூட லீவுக்கு வரும்போதெல்லாம் மண்வெட்டியால் கொத்தி எறிவீர்களே, அதில் ஒரு குருத்து பாதி வெள்ளையாக வந்தது. நோய் என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். விரியட்டும் பார்ப்போம் என்று விட்டேன். விரிந்தது. நடு நரம்புக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பால் வெள்ளை. அடுத்த இலை வேறு மாதிரி, வெள்ளையில் பச்சைச் சாந்து தெளித்ததுபோல். அதற்கடுத்தது இன்னொரு மாதிரி. சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இப்படி ஒன்று நிற்கிறதே என்று தினமும் காலையில் போய்க் குனிந்து பார்க்கிறேன். மாமா, "ஏ வள்ளி, சாக்கடைச் சேம்பப் போயி என்னத்தப் பாத்துக்கிட்டே நிக்க?" என்கிறார். பேர் சொல்லத் தெரியவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் அடுத்த கடிதம் வரும்வரை அந்தப் பேப்பரைத் தொடாதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

சாரலில் நனைந்த கையோடு,
வள்ளி

---

குத்துக்கல்வலசை
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முதல் வரியிலேயே 'புண் ஆறிவிட்டது' என்று இருந்தது. அதற்குக் கோடி நன்றி. இரண்டாம் வரியில் 'சட்டி செடி வித்துப் பொழப்பு ஓடுமா, கையெழுத்துப் போடத்தான் நினைக்கேன்' என்று இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு மிச்சத்தைப் படிக்க இரண்டு நாளாயிற்று. கோபத்தால் அல்ல. உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

புனலூரிலிருந்து சஜி என்று ஒருவர் என்னிடம் முன்பு பிகோனியா வாங்கியிருந்தார். போன மாதக் கடைசியில் போனில் வந்தார். "சேச்சி எவிடெயா? காணுன்னில்லல்லோ!" என்றார், அக்காவைக் காணவே இல்லையே என்று. தளத்தில் என் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, எப்போதோ வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அனுப்புநர் முகவரியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். அத்தான், என் நல்ல பேர் கணக்கோடு போயிற்று என்று அழுதுகொண்டிருந்தேன். அது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்திருக்கிறது.

அவர்தான் 'தைச்சந்த' என்று ஒரு தளத்தைச் சொன்னார். தை மாதம் மட்டும் திறக்கிற சந்தையோ, அதுவரை நான் எங்கே போவேன் என்று கேட்டேன். மனுஷர் அப்படிச் சிரித்தார். மலையாளத்தில் தை என்றால் நாற்றுக் கன்றாம். சஜியைப் போல வீட்டில் செடி வளர்க்கிற நாலு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆபீஸ் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரே ஒரு செடி வைத்திருந்தாலும் விற்கலாம். விற்றால் மட்டும் சின்னதாக ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டு ஓடுகிறவனை மறுபடி உள்ளே விடுவதில்லை. சந்தேகம் கேட்டு எழுதினால் மனிதரே பதில் எழுதுகிறார். நான் சோதிப்பதற்காகவே ஒரு வேண்டாத கேள்வி கேட்டேன். அதற்கும் பதில் வந்தது.

சரி, வருவது வரட்டும் என்று அந்தச் சேம்பில் பக்கக் கன்று ஒன்றைப் பிரித்துத் தொட்டியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். 'எங்கள் துவைகல் ஓரத்தில் தானாக முளைத்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மாமா, "எவன் துட்டு குடுத்து வாங்குவான்? கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். ஏலம் முடிகிற நாள் மத்தியானம், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவர்தான்.

பழைய தளத்தில் ஏலம் கடிகாரப்படி முடியும். கடைசி நொடியில் எவனாவது மிஷின் வைத்துத் தட்டிப் பறித்துவிடுவான். இங்கே அப்படி இல்லை. முடியப்போகிற நேரத்தில் யாராவது கூட்டிக் கேட்டால், இன்னும் பத்து நிமிடம் நீளும். மறுபடி கேட்டால் மறுபடி நீளும். எல்லோரும் போதும் என்று கை விடுகிறவரை முடியாது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏ, இது நம்ம கொடை ஏலம்லா! மூணு தரம் சொல்லுதான் பாரு! இதச் செஞ்சவன் கோயில் வாசல்ல நின்னு பாத்தவனாத்தான் இருப்பான்" என்றார். கோயில் கொடைத் திருவிழா முடிந்த அன்று அம்மன் சேலையையும் எலுமிச்சம்பழத்தையும் எத்தனை வருடமாக அவர் ஏலம் விடுகிறார்! அதற்கப்புறம் அவரை அடக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைப் பார்த்து, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று என்று அவர் வாயெடுக்கும்போதெல்லாம் சொல்லிவைத்ததுபோல் புதிதாக ஒருவர் கூட்டிக் கேட்கிறார். பக்கத்து வீட்டு முத்துவடிவு அக்கா, வீட்டில் என்ன தகராறு என்று ஓடிவந்துவிட்டாள்.

ஆரம்பத்தில் ஒரு கோழி விலைக்கு நின்றது. எனக்கு அதுவே சந்தோஷம். வெளியே சாரல் நசநசவென்று விழுந்துகொண்டிருக்கிறது. கோட்டயத்திலிருந்து ஒருவர், சூரத்திலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து இரண்டு பேர், ஷில்லாங்கிலிருந்து ஒரு அம்மா. ஆட்டுக்குட்டி விலைக்கு ஏறியது. "கெடா வெல தாண்டிட்டு தாயி" என்று மாமா கணக்குச் சொல்கிறார். சூரத்காரர் விலகினார். பெங்களூர்க்காரர்கள் விலகினார்கள். கோட்டயமும் ஷில்லாங்கும் மட்டும் மாறி மாறி. முத்துவடிவு அக்கா வாயில் கை வைத்தபடி நின்றவள் கையை எடுக்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கன்றுக்குட்டி விலையில் ஷில்லாங் அம்மாவிடம் முடிந்தது. மாமா மூன்று தரமும் சொல்லி முடித்தார். அப்புறம் எழுந்து, டார்ச் எடுத்துக்கொண்டு, மழையில் கொல்லைக்குப் போய்த் துவைகல்லுக்குப் பக்கத்தில் அந்தத் தாய்ச்செடி முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், அத்தான்.

எவ்வளவு வந்தது என்பதல்ல நான் மலைத்துப்போனது. முகம் தெரியாத இத்தனை பேர், வேறு வேறு ஊரில் தங்கள் வேலையை விட்டுவிட்டு, நம் கொல்லையை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்களே! நாம் தினமும் மிதித்துக்கொண்டு போகிற இடத்தை!

நேற்று அந்த அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். ஜன்னல் ஓரத்தில் நம் சேம்பு, பின்னால் பனிமூட்டம், ஊசி ஊசியாக மரங்கள். போன பிறகு ஒரு புது இலை விட்டிருக்கிறது. அபர்ணாவின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். ஷில்லாங்கிலிருந்து நீங்கள் காவல் நிற்கிற மலை ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் உங்கள் பக்கம் வந்ததில்லை. அந்தச் செடி போய்விட்டது. பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு அழுகைதான் வந்தது.

போன தை மாதம் பனி சரிந்தது என்று டி.வி.யில் சொல்லி, உங்கள் போனும் வராமல் இருந்ததே, அந்த நாட்களைப் பற்றி நான் இதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

ஒரு வேலை விஷயம் மட்டும் கேட்கிறேன். பெட்டி கட்ட ஆள் வேண்டும். வளர்க்க எனக்குத் தெரியும், கட்டத் தெரியவில்லை. இந்த மாதம் திருச்சூருக்குப் போன பிகோனியா கூழாகப் போய்ச் சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஷில்லாங் பெட்டியைக் கட்ட ஒரு நாள் முழுக்க ஆயிற்று, போய்ச் சேரும்வரை சோறு இறங்கவில்லை. நீங்கள் முன்பு ஜோத்பூரிலிருந்து மூன்று ரயில் மாறி, கண்ணாடி ஜாடியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தவர். துளசிக்கும் தும்பைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் கயிறு போட்டால் அது அசையாது. சம்பளம் கிடையாது. அதிகாரியாக நான் இருப்பேன், கொஞ்சம் கெடுபிடியான ஆள். உங்களுக்குச் சல்யூட் அடித்துப் பழக்கம்தானே.

கடைசியாக ஒன்று. முதல் விற்பனை நல்லபடியாக முடிந்ததால், தளத்தில் நிரந்தரப் பக்கம் தருகிறோம், விற்பவர் பெயரைக் கொடுங்கள் என்று எழுதினார்கள். ஒரு தடவை போட்டால் மாற்ற முடியாதாம். அரை நாள் யோசித்தேன். பிறகு உங்கள் பெயரையும் சேர்த்து 'ஆனந்தவள்ளி – இசக்கிராஜா, தென்காசி' என்று அடித்து அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கோபம் வந்தால் கடிதத்தில் திட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து திட்டுங்கள். நாள் முழுக்கத் திட்டினாலும் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

முப்புடாதி அம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் வலது கையை மட்டும் ஆவணி முடிகிறவரை கொஞ்சம் இறுக்கியே பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள் வரவை நோக்கி,
வள்ளி