அரபுப் பாதி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான கொப்டிக்கின் இலக்கண நூலொன்றைக் கணினியில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் பாதி அரபு விளக்கம். தேவையில்லையென்று அதை வெட்டிவிட்டேன்.

“எங்கள் சனம் அரபுக்கு மாறிய காலத்தில் எழுதியது இது. அரபில் விளக்கியதால்தான் கொப்டிக்கை இன்றும் வாசிக்கிறோம்” என்றார் கூட வேலைசெய்யும் எகிப்தியர் மினா.

மறுபடி முழுதாய் ஏற்றலாம். வெட்கம் அதற்கல்ல. போன ஞாயிறு செலீன் அக்கா, பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் தன் மகளுக்குப் பிரெஞ்சில் விளக்கித் தமிழ் படிப்பித்தாள். “இதென்ன கோதாரிப் படிப்பு?” என்று கத்திவிட்டேன்.

“அப்ப நீயே வந்து படிப்பி!” என்று புத்தகத்தை மூடினாள். பிள்ளை இன்னும் திறக்கவில்லையாம்.

அக்காவுக்குப் போன் எடுக்கக் கூசுகிறது. இந்த ஞாயிறு எனக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லுங்கள். மன்னிப்பை நானே கேட்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

நிஷான்