டிவிக்குப் போட்ட சீட்டு

2-7-2025, புதன்

நேற்று எழுதவில்லை. விரல் வலித்தது. துடுப்புப் போட்ட கைதான், ஆனாலும் பேனா பிடித்தால் வலி வேறு இடத்தில் வருகிறது.

சின்ன மகன் தீனா ஒரு பெட்டி கொண்டுவந்தான். பொன்னேரியில் அவன் வேலை செய்கிற ரிப்பேர் கடையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கம்ப்யூட்டர். அதைத் துடைத்து, சரிபண்ணி, டிவியோடு சேர்த்துவிட்டான். மாடியில் இருக்கிற டிஷ் தட்டில் இருந்து வருகிற ஒயர் இப்போது பெட்டிக்குள் போகிறது. பெட்டியில் இருந்து டிவிக்கு. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சினிமா கொட்டாய் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆனால் சேனல் எல்லாம் கலந்து கிடக்கிறது. வலையை உதறினால் இறால், நண்டு, பாசி, செருப்பு எல்லாம் ஒன்றாக விழுமே, அப்படி. தெலுங்கு, இந்தி, என்ன பாஷை என்றே தெரியாதது. ஒரே சேனல் மூன்று இடத்தில். தமிழ் எங்கேயோ அடியில்.

"யாராச்சும் உக்காந்து பிரிச்சி வெக்கணும்" என்றான் தீனா. "பேரு மாத்தலாம், மேல கீழ தள்ளலாம், வேணாததை மறைக்கலாம். எனக்கு டைம் இல்ல."

"நான் பண்றேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் பார்க்க வேண்டும்? பங்குனியில் எழுத்தறிவுத் தேர்வில் தேறியவன் நான். முழங்கால் போன பிறகு மீன் பிடிக்க ஏரிக்குப் போவதில்லை. இந்த வீட்டில் படிக்கவும் தெரிந்து, வேலையும் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

3-7-2025, வியாழன்

காலையில் இருந்து பெட்டி முன்னால்தான். திரையிலேயே தமிழ் எழுத்து வரிசையாக வருகிற மாதிரி தீனா செய்து வைத்திருக்கிறான். ரிமோட்டில் அம்பை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்க வேண்டும். தூண்டில் போடுவது போலத்தான். அவசரப்பட்டால் பக்கத்து எழுத்து மாட்டுகிறது.

கம்பெனிக்காரன் வைத்த பெயர் எனக்கு எதற்கு? நானே வைத்தேன். பழைய பாட்டு. அழுகை நாடகம். அடிதடி. சாமி. காற்று மழை. கடைசியில் சொன்னது வானிலை சொல்கிற சேனல்.

நான் எழுதிய எழுத்து டிவியில் தெரிகிறது! அவ்வளவு பெரிதாக, வெள்ளை வெளேர் என்று. ஜெயம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் சம்சாரம் மீன் கழுவிய கையோடு வந்து நின்றாள்.

"இன்னாய்யா எழுதிருக்கே?"

"அழுகை நாடகம்."

"அதுக்குப் பேரு வேற வெக்கணுமா? சத்தம் கேட்டாத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் வாசற்படியில் நின்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கவனித்தேன்.

4-7-2025, வெள்ளி

எல்லா சேனலையும் மறைத்துவிட்டேன் போலிருக்கிறது. தீனா வரும்வரை வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. "மறைச்சது அழிஞ்சி போவல நைனா, உள்ளதான் கீது" என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

5-7-2025, சனி

சேனல் வரிசையானது. சண்டையும் வந்தது.

பெரிய மகன் தினகரன் ஏரியில் இருந்து வந்தால் கிரிக்கெட் வேண்டும். தீனாவுக்குச் சினிமா. எனக்குச் செய்தி. முதலில் சேனல் கிடைக்காமல் சண்டை, இப்போது கிடைத்ததால் சண்டை. ரிமோட்டை தினகரன் இடுப்பில் சொருகிக்கொண்டு சாப்பிட்டான்.

தினகரனின் பெண்டாட்டி செவ்வந்தி, உள்நாட்டில் நெல் விளைக்கிற வீட்டுப் பெண். கட்டிவந்து மூன்று வருஷம் ஆகிறது. தையல் கம்பெனி வேனில் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறாள். வந்ததும் டிவியை ஒரு பார்வை பார்த்தாள், சமையல்கட்டுக்குப் போனாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நாளைக்குச் செய்கிறேன்.

6-7-2025, ஞாயிறு

பாடு வைத்துவிட்டேன்!

ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடமும் உண்டு, சுமாரான இடமும் உண்டு. எல்லாரும் நல்ல இடத்துக்கே போனால் வெட்டுக்குத்து. அதனால்தான் ஊரில் சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆம்பிளை. ஒருவன் நாளில் இன்னொருவன் வலை இறக்கக் கூடாது. இறக்கினால் பஞ்சாயத்து.

டிவிக்கும் அதேதான். விளக்கு வைத்ததில் இருந்து படுக்கிற வரைக்கும் யார் பாடோ அவன் டிவி. பெட்டியில் என் பெயரில் 'சகாதேவன்' என்று ஒரு பட்டியல், 'தினகரன்' என்று ஒரு பட்டியல். யார் நாளோ அவன் பட்டியல் முதலில் வரும். சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினேன். முதல் நாள் தினகரனுக்கு.

தீனா, "எனக்கு?" என்றான்.

"நீ இன்னும் தலைக்கட்டு ஆவல."

"பெட்டியக் கொண்டாந்தவன் நான். சரி, பொண்ணு பாருங்க, பாடு குடுங்க" என்று சிரித்தான்.

செவ்வந்தி தட்டு கழுவிக்கொண்டே கேட்டாள். "எனக்கு எந்த நாளு மாமா?"

"தினகரன் நாளுதான் உன் நாளும்மா."

அவள் சின்னதாகச் சிரித்தாள்.

8-7-2025, செவ்வாய்

இரண்டு நாளாகச் சண்டை இல்லை. ஊர் முறை ஊர் முறைதான். நேற்று என் நாள். செய்தி பார்த்தேன், பழைய பாட்டு பார்த்தேன். செவ்வந்தி டிவி இருக்கிற பக்கம் வரவே இல்லை. களைப்பாக இருக்கும்.

10-7-2025, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

செவ்வந்தியின் அண்ணன் தேவேந்திரன் வந்து போனான். தினகரனும் செவ்வந்தியும் தனியாகப் போக எளாவூரில் வீடு பார்த்திருக்கிறானாம். ஆடி பிறந்தால் வீடு மாறக் கூடாது, அதனால் அதற்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டுமாம். ஆடிக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

இன்னாத்துக்கு? இன்னா கொறை? யாராவது ஏதாவது சொன்னோமா?

ஊரை விட்டுக் குடி போனவனுக்கு ஏரியில் பாடு கிடையாது. என் அப்பன் பெயரில் வந்தது, நான் தினகரனுக்குக் கொடுத்தது. அது போய்விடும். அவன் எளாவூரில் என்ன செய்வான்? நெடுஞ்சாலையில் உட்கார்ந்து லாரி எண்ணுவானா?

11-7-2025, வெள்ளி

தினகரன் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கும் போவணுமாடா?"

"எனக்கு ஏரிய விட்டா இன்னா தெரியும் நைனா? அவ சொல்றா, அந்த வூட்ல நான் எங்க கீறேன்னு கேக்குறா."

"சோறு போடலியா? துணி எடுக்கலியா?"

"அதான் நானும் கேட்டேன். அன்னிலேர்ந்து பேசறதே இல்ல."

வலையின் மறு முனையைப் பிடித்து அவனோடு அலசினேன். திரும்பி வரும்போது முழங்கால் ரொம்ப வலித்தது.

12-7-2025, சனி

நேற்று என் நாள். டிவி போட மனசு வரவில்லை. இன்று ஜெயம்மாவிடம் கேட்டேன். "நான் தப்பா எதனா பண்ணிட்டனா? நாயமாத்தான சீட்டு போட்டேன்?"

அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "போட்டே. சொம்புல எத்தினி சீட்டு?"

"ரெண்டு."

"வூட்ல எத்தினி பேரு?"

விரல் விட்டு எண்ணினேன். ஐந்து.

"உன் நாளுதான் என் நாளுன்னு கட்டிகினு வந்த நாள்ல இருந்து கேட்டுகினு கீறேன். எனக்குப் பழகிப்போச்சு. அந்தப் பொண்ணு காலைல போயி மெசின் மெதிச்சிட்டு வருது. அதுக்கு இன்னாத்துக்குய்யா பழகணும்?"

கருவாட்டை எல்லாம் புரட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். ஊரில் தலைக்கட்டு எண்ணி எண்ணி, வீட்டுக்குள்ளும் அதையே எண்ணியிருக்கிறேன். செவ்வந்தி கேட்டாளே, எனக்கு எந்த நாள் என்று. நேராகத்தான் கேட்டாள். பெண்பிள்ளைகளுக்குப் பாடு கிடையாது என்பது எனக்கு எங்கள் ஏரித் தண்ணீர் உப்பு என்பது போல. யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

13-7-2025, ஞாயிறு

காலையிலேயே பெட்டியைப் போட்டேன். இரண்டு பட்டியலையும் கலைத்தேன். ஐந்து பட்டியல். ஜெயம்மா, தினகரன், செவ்வந்தி, தீனா, நான். பெயர் எழுதவே வெயில் ஏறிவிட்டது.

பிறகு செவ்வந்தியைக் கூப்பிட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வரவில்லை.

"செவ்வந்தி, உன் பட்டியல் காலியா கீதும்மா. உனக்கு இன்னா சேனல் வேணும்? சொல்லு, போடறேன்."

"எனக்கு எதுக்கு மாமா?"

"உன் நாளு உனக்கு. அன்னைக்கு யாரும் தொடக் கூடாது. நானும் தொடக் கூடாது. முன்னாடியே வெச்சிருக்கணும். எனக்குத் தோணல."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி திரையில் தன் பெயரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு இன்னா புடிக்கும்னு எனக்கே தெரியல மாமா. ஒண்ணொண்ணா பாத்தாத்தான் தெரியும்."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மத்தியானச் சோறு தள்ளிப்போயிற்று. காட்டு மிருகம் காட்டுகிற சேனல் ஒன்று, வேண்டும் என்றாள். ரயில் மலை மேல் போகிற சேனல், அதுவும் வேண்டும். தையல் சொல்லித்தருகிற சேனல் வந்தது. "ஐயோ வேணாம் மாமா, மறைச்சிடுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து நான் இப்போதுதான் கேட்கிறேன்.

ஜெயம்மாவின் பட்டியலில் நானாகவே சாமி சேனல் போட்டேன்.

"யாரு கேட்டா? சாமிய கோயில்ல பாத்துக்கறேன். அந்தத் தடியனுங்க மேல ஏறி ஏறி வுழுந்து அடிச்சிக்கறானுங்களே, அத வை."

"மல்யுத்தமா?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது. செவப்பு ஜட்டிக்காரன் வருவான்."

இத்தனை வருஷம் இவளோடு வாழ்ந்திருக்கிறேன்!

சாயங்காலம் சொம்பில் ஐந்து சீட்டு. தினகரன் முணுமுணுத்தான். "பொம்பளைக்குப் பாடுன்னு ஊர்ல கேட்டா சிரிப்பாங்க நைனா. அஞ்சு நாளைக்கு ஒரு தபாதான் எனக்கா?"

"ஊரு ஏரிக்கு சீட்டு போடட்டும். இது என் வூட்டு டிவி."

"கல்யாணம் ஆவாமலே தலைக்கட்டு ஆயிட்டேன்" என்றான் தீனா. "இனிமே பொண்ணு மெதுவாப் பாருங்க."

முதல் சீட்டு ஜெயம்மாவுக்கு. சிவப்பு ஜட்டிக்காரன் தோற்றுவிட்டான். அவள் டிவியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

16-7-2025, புதன்

நாளைக்கு ஆடி. காலையில் செவ்வந்தி வேனுக்குக் கிளம்பும் முன்பே தேவேந்திரன் எளாவூர் வீட்டுச் சாவியோடு வந்துவிட்டான். நான் உள்ளே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். காது மூடவில்லை.

"இன்னிக்கு நல்ல நேரம் கீதும்மா. பால மட்டும் காய்ச்சிட்டு வந்துடலாம்" என்றான்.

டிபன் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு முடியாதுண்ணா. சாயங்காலம் என் நாளு" என்றாள் செவ்வந்தி.

"உன் நாளுன்னா?"

"சொன்னா உனக்குப் புரியாது. ஆவணியில பாக்கலாம்."

அவன் டீ குடித்துவிட்டுப் போனான். நான் எழுந்து ஏரிப் பக்கம் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். ஆவணி என்றால் ஒரு மாசம். ஒரு மாசம் போதுமா, போதாதா, தெரியவில்லை. இன்றைக்கு மூச்சு விடுகிறேன்.

சாயங்காலம் எல்லாருமாக யானைக்கூட்டம் பார்த்தோம். தினகரன்கூட. குட்டி யானை சேற்றில் மாட்டிக்கொண்டபோது "தள்ளு தள்ளு" என்று கத்தினவன் அவன்தான்.

20-8-2025, புதன்

ஆவணி பிறந்து நான்கு நாள். வீடு மாறுவது பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

இன்று செவ்வந்தியின் நாள். வேனில் இருந்து இறங்கி வரும்போதே போனில் பேசிக்கொண்டு வந்தாள். தேவேந்திரன்தான். எளாவூர் வீட்டை வேறு யாரோ கேட்கிறார்கள் போல.

"குடுத்துடச் சொல்லுண்ணா" என்றாள். "ம்... வேணாம். ஆமா, வேணாம்னுதான் சொல்றேன்." போனை ஜன்னலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவ்வளவுதான். தினகரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பாயின் நடுவில் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்தாள். காட்டு மிருகமா, ரயிலா என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் டிவியை நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம். மெசின் சத்தம் காதுலயே கீது."

கிரிக்கெட் இருந்தது இன்று. தினகரன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். தீனா எழுந்து காற்றாடியைக் கொஞ்சம் வேகமாக வைத்தான். ஜெயம்மா காலை நீட்டிப் படுத்தாள். ஏரியில் யாரோ படகைத் தள்ளுகிற சத்தம் வீட்டுக்குள் வந்தது.

கொஞ்ச நேரத்தில் செவ்வந்தி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். கை தளர்ந்து ரிமோட் பாயில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் பாடு.