கருகிய வரி

பிலடெல்பியா, டிசம்பர் 1794

அன்புள்ள தாபிதா,

நீயும் நம் குழந்தை மெர்சியும் கர்த்தர் கிருபையால் சுகம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆத்திரம்தான் ஆறவில்லை.

உன் கடிதத்தை ஒரே நாளில் படித்துத் தீர்க்க மனமில்லாமல், பின்பாதியை ஞாயிற்றுக்கிழமைக்கென்று மேசைமேல் வைத்திருந்தேன். என் முடியைச் சுருட்டிவிட வந்த நாவிதன் பிலோன் அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, சுருள் நிற்பதற்காக என் முடிக்கற்றைகளிலேயே சுற்றி, சூட்டுக்கோலால் அழுத்திவிட்டான். கத்தினேன்.

"பழைய காகிதம்னு நெனச்சேன், மெம்பர் ஐயா. நாட்டுக்கே சட்டம் போடுறவங்க ஒரு காகிதத்துக்கா இப்படிக் குதிக்கிறது?" என்றான்.

அவனை விரட்டிவிட்டு, காகிதங்களைத் தலையிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு, பாதி சுருளும் பாதி கோரையுமாகச் சட்டசபைக்குப் போனேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் கடிதத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். 'மெர்சி நேற்று முதன்முதலாக' என்பதற்குப் பிறகு கருகிக் கிடக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் உடனே எழுது.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் எஸ்ரா