தங்கையின் அளவு

அன்புத் தங்கைக்கு,

உனக்குப் பையன் பிறந்தது தெரிந்ததும் ஆவடியில் கடைக்கு ஓடினேன். கம்பி வைத்த பிரா வேண்டவே வேண்டாம், பால் கொடுக்க முன்னால் திறக்கிறது வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரி கேட்டேன்.

"இன்னா சைஸுக்கா?" என்றாள் கடைப்பெண்.

என் அளவைச் சொன்னேன். நாம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள்தானே!

அவள் சிரித்துவிட்டாள். "பால் குடுக்கறவங்களுக்கு அளவு மாறிடும்க்கா. அவங்களயே இட்டுகினு வாங்க."

அப்பாவோடு கோபித்துக்கொண்டு நீ போன மூன்று வருடத்தில் எனக்கு அதுகூடத் தெரியாமல் போய்விட்டது. ஆனாலும் உன்னைக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைத்ததே என்று வெறுங்கையோடு சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் நம் வீட்டுக்கு வா. "நீங்க கடைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் பேரன நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா. நான் கேட்கக்கூட இல்லை.

உன் அக்கா