இடது பக்கம் எனக்கு வேணும்

சாரம், பாண்டிச்சேரி
14-2-1989

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அப்பா பலராமன் எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த ஊர்க் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும், சாமி பாத்துக்கும். இங்க எல்லாரும் சுகம். உங்கம்மா என்னைத் தவிர ஊருல அத்தனை பேர்கிட்டயும் நல்லாவே பேசறா, ஏன்னு கீழ வரும். உன் தம்பி நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல சோப்புக் கம்பெனியில சேந்துட்டான், அவன் தெருமுனையில திரும்பும்போதே வாசனை வந்துடுது. பின்கட்டு ஓடு மாத்தியாச்சு. குட்டிக்கு தினம் தலைக்கு ஊத்தாத, அந்த ஊருக்கு அது ஒத்துக்காது.

உன் கடுதாசி வந்துது. ரெண்டு தரம் படிச்சேன். நான் எட்டாவதுல பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதிச்சு ஓடினவன், எனக்குச் சுத்தி வளைச்சு எழுத வராது, பயமா இருந்துது. நீ வேலை பாக்கற ஆஸ்பத்திரி பல் டாக்டரு நான் அனுப்பின எக்ஸ்ரேவைப் பாத்துட்டு, தாடை எலும்பு தேஞ்சு போச்சு, உள்ள ஓடற நரம்பு மேலாக வந்துடுச்சு, அதான் பல் செட்டு அழுத்தும்போது கரண்ட் அடிக்குதுன்னு சொன்னாருன்னு எழுதியிருக்க. எலும்புல சின்னதா ஜன்னல் வெட்டி, நரம்பை மெதுவா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எலும்புல ஆணி இறக்கி, திரும்ப நரம்பை வெச்சு மூடி, அந்த ஆணி மேல பல்லு கட்டுவாங்களாம். கொஞ்ச மாசம் கீழ் உதடு மரத்துக் கிடக்கும், பெரும்பாலும் சரியாயிடும், சிலருக்கு வராமலே போயிடும்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்க பாரு, அந்த வரிதான் என்னைத் தூங்க விடலை. தறிப் பாவுல ஒரு இழையை ஒதுக்கிப் பிடிச்சா அறாம இருந்தாலும் தொய்யும்மா. தொய்ஞ்ச இழை என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்.

உதடு போனா என்னாப்பான்னு கேப்ப. நான் மில்லுத் தறியில என்னா செய்யறேன்னு நீ பாத்தது இல்ல. ஊடு நூல் சுத்தின தார் ஒவ்வொண்ணு தீரும்போதும் புதுத் தாரை நாடாவுல, அதான் பாவுக்குள்ள குறுக்க ஓடற கட்டையில, மாட்டி, நாடா ஓரத்துல இருக்கற சின்ன ஓட்டையில வாயை வெச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சணும், நூல் நுனி உதட்டுல வந்து ஒட்டும், புடிச்சு இழுத்துட்டு தறியை ஓட்டிவுடுவோம். கண்ணால பாக்க நேரம் கிடையாது, நூலு வந்துதா வரலியான்னு உதடுதான் சொல்லும். நாடாவுக்கு முத்தம் குடுக்கறதுன்னு பசங்க பேரு வெச்சிருக்கானுங்க. அந்த நாடாதான் அன்னிக்குத் தறியை விட்டுத் தெறிச்சு வந்து என் வலது தாடையைப் பேத்து அந்தப் பக்கத்துப் பல்லைக் கொண்டுபோச்சு. இருந்தாலும் சோறு போடறது அதுதான். உதடு போச்சுன்னா என்னை பேல் மூட்டை தூக்க அனுப்பிடுவாங்க.

யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுது. உதடு மரத்தா எப்படி இருக்கும்னு செஞ்சுதான் பாப்போமேன்னு ரெட்டியார்பாளையத்துல ஒரு பல் டாக்டரம்மாகிட்டப் போய் உள்ளதைச் சொல்லி, மரத்துப்போற ஊசியை வலது பக்கம் மட்டும் போடுங்கன்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கலை. பின்னாடி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கறது நல்லதுதான்னு போட்டுட்டு, மரப்பு போறவரைக்கும் எதையும் மெல்லாதீங்க, வீட்டுல போய் உக்காருங்கன்னாங்க. நான் சைக்கிளை நேரா மில்லுக்கு விட்டேன். வீட்டுல உக்காந்தா என்னாத்தைத் தெரிஞ்சுக்கறது?

தறிகிட்டப் போகும்போது பாதி உதடு யாரோடதோ மாதிரி தொங்குது. முத நாடா உறிஞ்சினேன், நூலு வந்துதான்னு தெரியலை. விரலால தடவிப் பாத்தா எச்சில்தான் வழியுது. அடுத்ததும் அப்படியே. நான் பாக்கற தறிங்க ஒண்ணொண்ணா நிக்குது. பக்கத்துத் தறி குப்பன் வந்து, “இன்னா மாமா, இன்னிக்கு நாடாவுக்கும் உனக்கும் சண்டையா”ன்னு கேட்டுட்டு அவனே என் நாடாவுல நூலை இழுத்துக் குடுத்தான். டீ நேரத்துல அவன் வறுகடலை நீட்டினான். எப்பவும் வேணாம்னுடுவேன். அன்னிக்கு வாயில போட்டேன். அம்மாடி, வலிக்கலை. மென்னேன், இன்னும் ஒரு கை வாங்கி மென்னேன், கரண்ட் அடிக்கலை. குப்பன் என் மூஞ்சையே பாத்துக்கினு இருந்தான். “மாமா, நீ மூஞ்சியைச் சுளிக்காம துன்னு இன்னிக்குதான் பாக்குறேன்”னான். எழுந்து வெளியில போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து நாடாவுல வாயை வெக்கிறேன், வெள்ளைத் துணி மேல சொட்டு சொட்டா ரத்தம். கடலையோட உதட்டையும் சேத்து மென்னிருக்கேன், தெரியவே இல்ல. மேஸ்திரி தெய்வசிகாமணி ஓடியாந்து துணியைப் பாக்கறான், என்னைப் பாக்கறான். கறைப்பட்ட துணிக்கு என் பேரை எழுதிட்டு, இன்னொரு தரம் இப்படி வந்தா மில்லு கேட்டுக்கு வெளியிலதான்னு சொல்லிட்டுப் போனான். ஆத்திரத்துல அந்த நாடாவை எடுத்து இடது வாய் ஓரத்துல வெச்சு உறிஞ்சினேன். நூலு வந்து ஒட்டுச்சு. நல்லாத் தெரிஞ்சுது. பழக்கம் இல்லாததால கழுத்து வலிச்சுது, கை தடுமாறிச்சு, ஆனா சங்கு ஊதறவரைக்கும் எல்லாத் தறியையும் அந்தப் பக்கத்தாலேயே ஓட்டினேன்.

வீங்கின உதட்டோட வீட்டுக்குப் போனா உங்கம்மா விஷயத்தைக் கேட்டுட்டுக் குடத்தைத் தொப்புனு வெச்சா. “பொண்ணு கடல் தாண்டி வழி பண்ணுது, நீ தறிக்கு வாக்கப்பட்டிருக்க. உதடு மரத்தா மரத்துட்டுப் போவுது, எனக்கு நீ சோறு துன்னணும்.” அதுக்கப்புறம் பேச்சு இல்ல. கஞ்சியை மட்டும் முன்னாடி வெச்சிட்டுப் போயிடறா. என் சட்டையெல்லாம் பிடிச்சுத் தெச்சு வெச்சிருக்கா, அவ்வளவு தொளதொளன்னு ஆயிடுச்சு, அதையும் சொல்லிடறேன்.

இப்ப என் முடிவைக் கேட்டுக்கோ. ஒரே தடவை வர்றதால ரெண்டு பக்கமும் சேத்து முடிச்சுடலாம்னு டாக்டரு சொன்னதா எழுதியிருக்க. முடியாது. வலது பக்கம் அவர் இஷ்டம், ஜன்னல் வெட்டட்டும், நரம்பை ஒதுக்கட்டும், அது திரும்பி வந்தா சரி, வராட்டியும் அவரைக் குத்தம் சொல்லமாட்டேன். இடது பக்கம் கடைசிப் பல்லு ரெண்டுதான் இல்ல, வலியும் இல்ல, பொக்கையாவே இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பக்கம் கத்தி படக்கூடாது. அப்பாவுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்குன்னு அவர் பாஷையில நீயே பக்கத்துல நின்னு சொல்லு. ரெண்டும் செஞ்சாதான் ஆச்சுன்னா டிக்கெட் போடாத, நான் கஞ்சியே குடிச்சுக்கறேன். ஒரு பக்கம்னா உடனே போடு, உங்கம்மாவுக்குத் தனியா ஒரு வரி எழுது, பேசட்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாத. ஏரோப்ளேன் இறங்கினதும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிடாத. முதல்ல வீட்டுக்குக் கூட்டிக்கினு போ. குட்டியை நான் இன்னும் பாக்கலை. முழு உதட்டால அதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு, அப்புறமா வந்து படுத்துக்கறேன்.

உன் அப்பா,
த. பலராமன்