சூரியனை உற்றுப் பார்த்தவர்

மார்ச் 9, ஞாயிறு
ஆசிரமத்துக்கு வந்து எங்கள் மாடி அறையில் குடியேறிய அருள்ராஜோடு சேர்ந்து என் வீட்டுக்காரரும் தினமும் காலையில் சூரியனை உற்றுப் பார்க்கிறார். இமைக்காமல் பார்த்தால் கண்ணுக்குப் பலமாம். ஆசிரமத்துப் பக்கம் வீடு இருந்தால் இப்படியும் ஒரு தொல்லை. "வேணாங்க" என்றேன். "காலை வெயில் ஒண்ணும் பண்ணாதுடி" என்று சிரித்தார்.

மார்ச் 14
தான் ஓட்டும் பள்ளி வேனைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். ஏன்? கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 15
சாப்பிடும்போது தானாகவே சொன்னார். "உன்னை நேராப் பாத்தா மூஞ்சி தெரியல கீதா. நடுவுல ஒரு பொட்டு மறைக்குது. நேத்து காலைலேர்ந்து."
நேத்தா! அந்தக் கண்ணோடவா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டினாரு? ஏதாவது ஆயிருந்தா? அய்யோ — வேன் சாவியை எடுத்து அரிசி டப்பாவுல போட்டுட்டேன்.

மார்ச் 17
கண் டாக்டர் மதிவதனியிடம் போனோம். சூரிய ஒளி விழித்திரையைச் சுட்டிருக்கிறதாம். "அது வலிக்காது. அதான் தெரியாம பாத்துட்டே இருந்திருக்கீங்க. மருந்து கிடையாது. நிறைய பேருக்குத் தானா சரியாயிடும், மாசக்கணக்காகும். முழுசா வரும்னு சத்தியம் பண்ண முடியாது." இனிமேல் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் கூடாது. வெளியே போனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, தொப்பி.
இவர் ஒன்றுதான் கேட்டார். "வண்டி ஓட்டலாங்களா?"
"இப்ப கூடாது."
வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கு அவரே போன் செய்து உள்ளதைச் சொன்னார்.

மார்ச் 20
அருள்ராஜ் கீழே வந்து நின்றார். "நானும் டாக்டர்கிட்ட காட்டிட்டேன்க்கா. எனக்கு ஒண்ணுமில்ல. என்னாலதான் அண்ணனுக்கு…" கத்த வேண்டும் என்றிருந்தேன். அழுதுகொண்டிருந்தவரை என்ன கத்துவது? காபி கொடுத்தேன்.

ஏப்ரல் 20
பொட்டு சின்னதாகிவிட்டது என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ?

மே 30
டாக்டர் காட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிட்டார்! டாக்டரே சிரித்துவிட்டார். ஓட்டலாமாம்.

ஜூன் 11
தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர், "அசையாத, காதுகிட்ட ஒரு நரை" என்றார். ஒற்றை முடிதானாம். பிடுங்கிவிட எழுந்து வந்தார்.
இருக்கட்டும் என்றேன்.