ஏணியில் ஏறிய வால்வு

இன்று தேக்கா உணவு நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடித்துவிட்டுப் பிரியாணி வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பாக்கெட் இருந்தது என் பக்கம் இல்லை, எதிர்ப் பக்கம். உன் இடத்தில். பழைய பழக்கம்.

"இங்க ஆள் வருதா தம்பி?" என்று ஒருவர் தட்டோடு வந்து கேட்டார். இல்லை என்றேன். அவர் உட்கார்ந்ததும் டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அந்த டிஷ்யூவில்தானே நீ படம் போடுவாய். துவாஸ் தொழிற்பேட்டையில் நம் இருவருக்கும் ஒரே பொறியாளர் வேலை, ஏறக்குறைய ஒரே வயது. நான் திருச்சியில் படித்துவிட்டு வந்தவன். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என் கணக்கில் பிழை இருக்காது. ஆங்கில அறிக்கைதான் உதைக்கும். ஞாயிறு மதியம் அதை உன்னிடம் நீட்டுவேன். நீ திருத்தித் தர மாட்டாய். வாக்கியம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே வரைந்து என் தட்டருகே தள்ளுவாய்.

நான் ஏணியில் ஏறிப் பார்த்தபோது வால்வு கசிந்தது. அதைத்தான் எழுதியதாக நினைத்தேன், ஆங்கிலத்தில் 'நான்' விட்டுப்போனது தெரியாமல். உன் படத்தில், தலைக்கவசம் மாட்டிய வால்வு ஒன்று ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ எழுதுனபடி இவர்தான் ஏறுறார். நீ எங்கடா இருக்கே?"

எல்லாருக்கும் புரியும், விடு என்று எரிந்து விழுந்தேன்.

"புரியும் லா. சிரிச்சுட்டு அப்புறம் புரிஞ்சுக்குவாங்க."

புதுப் பம்பின் சத்தம் பழைய பம்பைவிடக் குறைவு என்று எழுதியதற்கு ஒரு தராசு வரைந்தாய். ஒரு தட்டில் காதைப் பொத்திய முகம், மறு தட்டில் முழுப் பம்பு. சத்தத்தைச் சத்தத்தோடு நிறுத்துப் பார், இரும்போடு நிறுத்தால் தராசு என்ன சொல்லும் என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமை திருத்தி அனுப்பினேன்.

நீ நோயில் படுத்த பிறகு, கடைசியாக அறிக்கையை மருத்துவமனைக்கே கொண்டுவந்தேன். உனக்கு அது பிடிக்கும் என்று தெரியும். பேனாவை வாங்கினாய். ஒரு கோடு போட்டாய், அது கோணிக்கொண்டு போனது. பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டாய்.

"நீயே வரைடா. வரைஞ்சா தெரிஞ்சிடும்."

நீ போன பிறகு அலுவலகத்தில் உனக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பு உன் அம்மா என்னைக் கேலாங் வீட்டுக்கு வரச்சொன்னார். "அவன்கூட வேலை பார்த்தவங்களுக்குப் புரியணும். இங்கிலீஷ்ல நாலு வரி நீயே எழுதி வாசிச்சிடுப்பா. தப்பு மட்டும் வந்துடக் கூடாது. அவனுக்குப் பிடிக்காது."

உட்கார்ந்தேன். அவனுடைய பொறுமை எங்கள் எல்லோரையும்விடப் பெரியது என்று எழுதினேன். தராசு வரைந்தேன். ஒரு தட்டில் உன் பொறுமை, மறு தட்டில் மொத்த அலுவலகமும் நாற்காலிகளோடு. எங்கள் எல்லோருடைய பொறுமையையும்விட என்று மாற்றினேன்.

அடுத்த வரி: ஓராண்டு நோயோடு போராடி, நாங்கள் அவனை இழந்தோம்.

அதையும் டிஷ்யூவில் வரைந்தேன். நான் எழுதியபடி, கட்டிலில் கிடந்தது நாங்கள். நான், மேலாளர், ஸ்டோர் ஆட்கள், எல்லோரும் வரிசையாக, கையில் ட்ரிப் ஊசியோடு. நீ மட்டும் வாசலில் நின்றாய், தோளில் பையை மாட்டிக்கொண்டு, நல்ல உடம்போடு.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வரியைத் திருத்தினேன். நோயை உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? தப்பு வரக் கூடாதே.

கூட்டத்தில் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியா இருந்துச்சுப்பா" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. படத்தை மட்டும் நான் திருத்தவில்லை. பஸ் கார்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். வெறும் டிஷ்யூ, மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்துவிட்டது. வாசல் பக்கம் இன்னும் கிழியவில்லை. நீ நிற்கிறாய்.